பாயில் கிடந்த பல்

ஊசி நாளன்று செனிமிலியைத் தேடிப் பிடிப்பது ஒரு காலத்தில் நாசேலா ஊருக்கே வேலையாக இருந்தது. மாதம் ஒருமுறை நர்ஸின் படகுச் சத்தம் ஆற்று முகத்தில் கேட்டதும் அந்தப் பெண் மாயமாகிவிடுவாள். ஒரு தடவை ஈரப்பலா மரத்தின் உச்சியில் இருந்து இறக்கினார்கள். ஒரு தடவை கொப்பரை உலர்த்தும் கொட்டகையில். இன்னொரு தடவை தேவாலயத்து மர முரசின் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்தவளைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நர்ஸ் லோசலினி பிஸ்கட் கொடுப்பாள். ஊசி இறங்கும்போது செனிமிலி போடும் கூச்சலுக்கு அக்கரைப் பன்றிகள் பதில் சொல்லும்.

மூட்டுக் காய்ச்சல் வந்து அவள் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. மறுபடி தொடாமல் இருக்கத்தான் மாதாமாதம் அந்த ஊசி.

இப்போது செனிமிலி ஒளிவதில்லை, அவளை யாரும் தேடுவதும் இல்லை. ஒளிகிறவள் அவளுடைய அம்மா வதிசேவா. ஊசி நாள் வந்தால் இரும்புக் கொக்கியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் நண்டு பிடிக்கப் போய்விடுவாள். நண்டுக்கு நல்ல நாளா, கெட்ட நாளா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அன்றும் அப்படித்தான் போயிருந்தாள். புயல் மாதத்துப் புழுக்கம். காற்று எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது. முழங்கால் வரை சேறு. ஒரு வளையின் வாயில் புது மண் தள்ளியிருப்பதைப் பார்த்து, ஒருக்களித்துப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். சேற்று நண்டு பிடிப்பதில் அவசரம் கூடாது. விரல் முதலில் தொடவேண்டியது நண்டின் முதுகை. கொடுக்கைத் தொட்டால் விரல் மிச்சமிருக்காது. வதிசேவாவின் மனம் அன்று விரலில் இல்லை, காதில் இருந்தது. படகு வருகிறதா, போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே துழாவினாள். இரண்டு முறை கொடுக்கு உரசியும் தப்பித்தாள். மூன்றாவது முறை முதுகு அகப்பட்டது. அமுக்கி வெளியே இழுத்து, காட்டுக் கொடியால் கொடுக்குகளைக் கட்டி நிமிரும்போது, படகு இருபது முழம் தள்ளி இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்து வந்துகொண்டிருந்தது.

"வதிசேவாவா அது? நண்டு பிடிக்கிறியா, இல்ல நண்டோட சேர்ந்து நீயும் வளைக்குள்ள போகப் பாக்குறியா?" என்றாள் லோசலினி.

லோசலினி பருத்த பெண். கிழக்கே ஒரு தீவுக்காரி. அந்தத் தீவுக்கும் இந்தக் கரைக்கும் பரம்பரையாகக் கேலிமுறை உண்டு. யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"வாங்க நர்ஸக்கா. உங்க தீவுக்காரங்களுக்கு நண்டு பிடிக்கத் தெரியாதுல்ல, அதான் வேடிக்கை பாக்குறீங்க."

"பிடிக்கத் தெரியாது. தின்னத் தெரியும். செனி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. ஆண்டவர் சுகம் குடுத்துட்டாரு. தூதர் கையை வச்சாரு, அன்னைக்கே எழுந்து ஓடினா. ஊரே பாத்துச்சு."

"அது நான் கேள்விப்பட்டேன். இப்ப ஓடுறாளா?"

வதிசேவா கொடியின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

"சரி, ஓட வேண்டாம். தூங்குறாளா?"

"தூங்குறா."

"மல்லாந்து படுத்தா?"

"ரெண்டு தலையணை வச்சு சாஞ்சுக்கிட்டு தூங்குறா. சூடு அதிகமா இருக்குல்ல."

லோசலினியின் முகத்தில் இருந்த கேலி அப்படியே இறங்கிப் போயிற்று. "சூட்டுக்குத் தலையணையை எடுத்து வீசுவாங்களா, அடுக்குவாங்களா? நீயே சொல்லு."

வதிசேவாவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

"நெஞ்சுல தண்ணி கோத்தா அப்படித்தான் படுக்க முடியும். படுத்தா மூச்சு முட்டும். இனி ஊசி மட்டும் பத்தாது, லம்பாசா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் தூக்கிப் படகுல போட்டுக்கிட்டு ஓட முடியாது. அவ அப்பன் சரின்னு சொல்லணும். போன மாசம் உன் வீட்டு வாசல்ல நின்னேன், உன் புருஷன் அபிசாய் என்னைப் பாத்து, 'உங்க ஊசி எங்க விசுவாசத்துல குத்துற ஊசி'ன்னான். என் வயசுக்கு எத்தனையோ வசவு வாங்கியிருக்கேன். மனசுல நின்னது இதுதான்."

"அவருக்கு நல்ல மனசுதான் அக்கா."

"நல்ல மனசுக்காரங்க கிட்டத்தான் எனக்கு பயமே."

படகோட்டி கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்பப் போனான். வதிசேவா சேற்றில் தட்டுத்தடுமாறி நடந்து வந்து, நண்டைக் கொடியோடு நீட்டினாள்.

"வைமாரா வழியாத்தானே போவீங்க? இதை எங்க அண்ணி கிட்ட குடுத்துருங்க."

"குடுக்குறேன். என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்." படகு நகரத் தொடங்கியது. நாலு அடி கூடவே நடந்தாள். "ரெண்டு தலையணைன்னு மட்டும் சொல்லுங்க."

வைமாராவில் இருப்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் கிதியோனே. ஒரே பாயில் உருண்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் வயது வந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவது அந்தக் கரையில் வழக்கமில்லை. அவ்வளவு மரியாதை. ஒருவர் இருக்கும் வாசல் வழியாக மற்றவர் நுழையமாட்டார்கள். எதுவானாலும் அண்ணி மூலம், பிள்ளைகள் மூலம், இல்லையென்றால் ஒரு நண்டு மூலம்.

படகு போன பிறகு அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். சேறு அப்பியிருந்தது. தூதர் தன் கையாலே கட்டிவிட்ட துணி. ஆற்றுத் தண்ணீரில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

*

தூதர் என்று இன்று ஊர் சொல்லும் ஆளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் இசிகேலி. ஊர்க்காரன்தான். தலைநகர் சுவாவில் வெகுகாலம் பஸ் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனிடம் இருந்த பெரிய மாயம். மலைக்கு ஏறுகிறவன் பின்னால் ஏறி, கூடவே நிலம் கொத்துவான். செத்துப்போன உங்கள் மாமியாரின் பெயரை நீங்கள் மறந்திருப்பீர்கள், அவன் மறந்திருக்கமாட்டான். நீங்கள் அழுதால் அவனும் அழுவான், நிஜமாகவே அழுவான். பழைய தேவாலயத்துப் போதகர் ஐயா புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறவர், இவன் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவன். தாகத்தில் தவிப்பவனுக்கு எந்தக் கிணறு ஆழம் என்று பார்க்கத் தோன்றுமா?

கிணறு ஆழம் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. முதலில் யங்கோனா குடிப்பது பாவம் என்றான். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து, மரப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஊர் நியாயம் பேசிய ஆண்கள் அதை நிறுத்தினார்கள். பொண்டாட்டிமார்களுக்குச் சந்தோஷம். பிறகு யங்கோனாச் செடியே சாபம் என்றான். பிறகு முன்னோர்களின் சாமான்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மன்னிப்புக்கும் கைமாறும் திமிங்கிலப் பற்களை, பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்துகளை, மேட்டில் தீ மூட்டிப் போடச் சொன்னான். கடைசியாக வந்தது மருந்து.

வதிசேவாதான் வீட்டில் முதலில் போனவள். மூத்த மகன் செமேசா போன படகு புயலில் திரும்பாமல் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் ஜெபத்துக்குப் போனாள். அங்கே உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டே மனதைக் கொட்டினாள். அபிசாய் மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்லாகிவிட்டான், அவன் மட்டும் மகனை 'லைலை' என்று கூப்பிடுவான், சின்னவன் என்று, அந்தப் பெயரை இப்போது வாயிலேயே எடுப்பதில்லை என்றெல்லாம் சொன்னாள். இசிகேலி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாள் கழித்து அபிசாய் பொழுதுபோகாமல் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றான். இசிகேலி பேச்சை நிறுத்தினான். கண்ணை மூடினான். "இங்கே ஒரு தகப்பன் இருக்கிறான். அவனை ஒரு பிள்ளை கூப்பிடுகிறான். தன் பேர் லைலை என்கிறான். அப்பா, எனக்குக் குளிரவில்லை என்கிறான்."

அபிசாய் நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து விழுந்தான். ஒரு வருஷத்து அழுகையை அன்று அழுதான். வதிசேவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கட்டியவன் தேறினால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம்தான் செனிமிலியின் நெஞ்சில் கை வைத்து ஜெபித்தார்கள். அந்தப் பெண் எழுந்து ஈரப்பலா மரம் வரைக்கும் ஓடி, மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் ஓடி வந்தாள். வதிசேவா அழுதாள், சிரித்தாள், மண்ணில் உருண்டாள். அதற்குப் பிறகு எதைச் சந்தேகப்பட முடியும்?

*

அவள் வீடு திரும்பியபோது அபிசாய் மலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கையெல்லாம் செம்மண். மிச்சமிருந்த யங்கோனாச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு வந்திருந்தான். இன்னும் இரண்டு வருஷம் விட்டிருந்தால் முற்றியிருக்கும்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. மேட்டுச் சரிவு மொட்டையாக் கிடக்கு. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு." பிறகு தன்னையே திருத்திக்கொள்வதுபோல, "சுத்தமா இருக்கு" என்றான்.

"என்ன நடுவோம் அங்க?"

"அவர் சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை மூணு ஊர்லேருந்து ஆள் வர்றாங்க, தெரியுமா? செனிதான் சாட்சி. கையில கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தங்கரையிலிருந்து மேட்டு உச்சி வரைக்கும் ஓடணும்னு தூதர் சொல்லியிருக்காரு. நம்ம பிள்ளைக்குக் கிடைச்ச பாக்கியம் பாரு."

வதிசேவாவின் கையில் இருந்த கூடை நழுவிற்று. "மேட்டுக்கா? ஓடியா?"

"பின்ன தவழ்ந்தா போவா?"

"செனி அப்பா, அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

"சாத்தான் இந்த மாதிரி நேரத்துலதான் பயங்காட்டுவான். நீதானே எனக்கு வழி காட்டினவ. இப்ப நீயே இழுக்கலாமா?"

அந்த வீட்டில் யார் யாரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதே குழம்பிப் போயிருந்தது.

படகு போன பிறகு பிடித்த நண்டைத் தேங்காய்ப் பாலில் வேக வைத்தாள். மரவள்ளியை அவித்தாள். செனிமிலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நண்டுக் காலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பதினான்கு வயசுப் பெண். நண்டுக் கால் என்றால் ஓட்டையும் விடாதவள்.

"நாளன்னைக்கு ஓடுவேல்லடா?" என்று அபிசாய் கேட்டான்.

"ஓடுவேன்ப்பா."

"எங்க கண்ணு." தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து மகளின் காலை மடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். தினமும் செய்வதுதான். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திவிட்டு எடுத்தான். விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. அபிசாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளம் நிரம்பவில்லை. மெதுவாக மேலே எண்ணெயை ஊற்றி, அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

அவன் பார்த்ததை வதிசேவாவும் பார்த்தாள்.

*

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு நின்றபோது வைமாராப் படகு வந்தது. கிதியோனே தனியாக வரவில்லை, சித்தப்பா மகன் ஒருவனையும் கூட்டி வந்திருந்தான். நல்ல சட்டை போட்டு, இடுப்பில் சடங்குக்குக் கட்டும் பாய்த்துணி கட்டியிருந்தான். கக்கத்தில் ஒரு துணி மூட்டை. அதைப் பார்த்ததுமே வதிசேவாவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டின் பின்வாசலுக்குப் போய், செனிமிலியை மடியில் சாய்த்துக்கொண்டு, அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நேரம் பார்த்தாற்போல இசிகேலியும் வீட்டில்தான் இருந்தான். மறுநாள் ஓட்டத்தைப் பற்றிச் செனிமிலியிடம் பேச நாலைந்து சீடர்களோடு வந்து, வீட்டின் மேல்பக்கத்தில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

கிதியோனே குனிந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். மைத்துனர்களுக்குள் பேச்சு கேலியில்தான் தொடங்க வேண்டும். அதுவும் வழக்கம்.

"என்ன மச்சான், யங்கோனா கலக்குற பாத்திரத்தையும் தீயில போட்டுட்டியாமே? என் தொண்டை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அபிசாயின் உதட்டோரம் தன்னை அறியாமல் துடித்தது. "எலுமிச்சை இலை போட்ட தண்ணி இருக்கு மச்சான். சூடா தரச் சொல்றேன்."

"அது பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குறது. நான் இன்னும் பெக்கல."

சீடர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, தூதரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். இசிகேலி மட்டும் நிதானமாகப் புன்னகைத்தான். "சிரிங்க, சிரிங்க. சந்தோஷம் பாவம் இல்ல" என்றான்.

கிதியோனே மூட்டையை அவிழ்த்தான். உள்ளே திமிங்கிலப் பல். புகையும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாகி, இரண்டு முனையிலும் தென்னை நார்க் கயிறு பின்னியது. இரண்டு கையாலும் ஏந்தி, தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். அதுவரை இருந்த குரல் இல்லை.

"இந்தப் பல் சிறுசு. இதைச் சுமந்துட்டு வந்த வாய் அதைவிடச் சிறுசு. மச்சான், இது உனக்குத் தெரிஞ்ச பல்தான். என் தங்கச்சியைக் கேட்டு உங்கப்பா எங்க வீட்டுப் பாயில வச்ச பல். அன்னைக்கு எங்கப்பாவுக்கு மகளைக் குடுக்க மனசே இல்ல. அழுதுகிட்டே கையை நீட்டி வாங்கினாரு. பல் வந்ததுக்கப்புறம் முடியாதுன்னு சொல்ல இந்தக் கரையில வாய் கிடையாது. அதையே இன்னைக்குத் திரும்பக் கொண்டு வந்திருக்கேன். தங்கச்சியைக் கேக்க வரல. மருமகளைக் கேக்க வந்திருக்கேன். தாய்மாமன் கேக்குறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், சுகமானதும் நானே கொண்டாந்து விடுறேன்."

பல்லை அபிசாய்க்கு முன்னால் பாயில் வைத்தான்.

அபிசாயின் கைகள் அவன் முழங்காலில் இருந்தன. எழவில்லை. அவன் பார்வை பல்லில் இருந்து இசிகேலிக்குப் போயிற்று, திரும்பப் பல்லுக்கு வந்தது. தகரக் கூரையில் முதல் மழைத் துளிகள் விழுந்தன. வந்தவன் வைத்த பல்லை எடுக்காமல் பாயிலேயே கிடக்க விட்ட வீட்டை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. சன்னலில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கிதியோனே தலையை நிமிர்த்தவில்லை. பல்லை எடுக்கும் வரை அவனால் நிமிர முடியாது. அவமானம் அவன் பிடரியில் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

"அபிசாய், உன் கை சுத்தமா இருக்கு" என்றான் இசிகேலி, அன்பாகத்தான். "எவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்தம் பண்ணின. அதைத் தொட்டா பிள்ளைக்கு வந்த சுகம் போயிரும். தொட்டவங்க கை வழியா சாபம் வீட்டுக்குள்ள வரும்."

"மச்சான் மனசு நோகுமே தூதரே" என்றான் அபிசாய்.

இசிகேலி கண்ணை மூடினான். "உன் பிள்ளை இங்கதான் நிக்கிறான். உன் பக்கத்துலயே நிக்கிறான். லைலை சொல்றான், எடுக்காதீங்கப்பா, தங்கச்சியை என்கிட்ட அனுப்பிராதீங்கப்பாங்கறான்."

அபிசாயின் தோள் குலுங்கியது. கைகள் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டன.

வதிசேவாவின் மார்பில் மகளின் முதுகு சாய்ந்திருந்தது. கூடைக்குள் அமுக்கிய கோழிபோல அந்த நெஞ்சு உள்ளே அடித்துக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் பயம்தான். தூதர் சொன்ன சாபத்தை அவள் நம்பாமல் இல்லை. பாதி நம்பினாள், அந்தப் பாதி போதும் கையைக் கட்டிப்போட. ஆனால் செத்த பிள்ளையைக் கொண்டு வந்து இருக்கிற பிள்ளைக்கு முன்னால் நிறுத்தியதும் அவளுக்குள் ஏதோ ஒன்று தாங்காமல் போயிற்று. மகளை நிலையில் சாய்த்து வைத்தாள். பெரியவர்கள் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது என்பதால் முட்டி போட்டு நகர்ந்து வந்தாள். அண்ணனுக்கு முன்னால் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததில்லை.

"அந்தப் பேரை நான்தான் உங்ககிட்டச் சொன்னேன்" என்றாள் இசிகேலியைப் பார்த்து.

இசிகேலி கண்ணைத் திறந்தான்.

"பொம்பளைங்க ஜெபத்துல, பாய் முடைஞ்சுக்கிட்டே சொன்னேன். நீங்க என் பக்கத்துல உக்காந்து கேட்டீங்க. அது வானத்துலேருந்து வரல." கணவன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் உங்ககிட்ட சொல்லாம இருந்தேன், செனி அப்பா. நீங்க அழுதீங்களே, அது போதும்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் பல்லை எடுத்துக்கொண்டாள்.

பெண் கை பல்லை வாங்குவது வழக்கமில்லை. அபிசாய் திகைத்துப்போய் வாயைத் திறந்தான். "பொம்பளை எடுத்தா அது..." என்று அவன் தொடங்குவதற்குள் கிதியோனே, தங்கையின் முகத்தைப் பார்க்காமலே, பாயைப் பார்த்தபடி சடங்கின் கடைசி வாக்கியத்தைக் கடகடவென்று சொல்லிவிட்டான்.

"கேட்டது கிடைச்சுது, மண்ணும் ஜனமும் வாழட்டும், சொன்னது மெய்யாகட்டும்."

அந்த வாக்கியம் முடிந்தால் கைகளைக் குவித்து மூன்று முறை தட்ட வேண்டும். நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே அந்தக் கரைப் பிள்ளைகள் பழகுவது அது. யாரும் யோசித்துச் செய்வதில்லை, தும்மல் போல வருவது. சீடர்கள் தட்டினார்கள். சன்னலில் நின்ற பிள்ளைகள் தட்டினார்கள். அபிசாய் தட்டினான். முழங்காலை விட்டு எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. குழிந்த உள்ளங்கைகளின் கனத்த சத்தம் மூன்று முறை வீட்டை நிறைத்தது. அது அடங்கியபோது மேல்பக்கத்தில் இசிகேலியின் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று குவிந்தபடியே நெஞ்சுக்கு முன்னால் நின்றன. அவன் அவற்றைக் குனிந்து பார்த்தான்.

"தூதரும் தட்டிட்டாருல்ல" என்றது சன்னலில் ஒரு பிள்ளை, யாருக்கோ தகவல் சொல்வதுபோல.

தட்டிய பிறகு பேச்சில்லை. இனி யார் என்ன சொன்னாலும் கொடுத்தது கொடுத்ததுதான். இசிகேலி என்னவோ சொன்னான். சீடர்களில் இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். மழை திடீரென்று வலுத்துக் கூரையில் இறங்கியதில் அவன் சொன்னது கேட்கவில்லை. அன்று இல்லாவிட்டாலும் நாளை மேட்டில் அவன் அதற்கும் ஒரு விளக்கம் சொல்வான், கேட்க ஆளும் இருக்கும்.

கிதியோனே செனிமிலியைத் தூக்கிக்கொண்டான். ஆற்றங்கரைக்கு எல்லோரும் நனைந்துகொண்டே இறங்கினார்கள். படகைத் தள்ளும் நேரத்தில் அபிசாய் ஓடி வந்தான். அவன் தன்னைத் தடுக்கத்தான் வருகிறான் என்று படகில் ஏறியிருந்த வதிசேவா பயந்தாள். அவன் கக்கத்தில் இரண்டு தலையணைகள் இருந்தன. சட்டையைக் கழற்றி அவற்றின் மேல் சுற்றியிருந்தான். மனைவியைப் பார்க்கவில்லை. மகளின் முதுகுக்குப் பின்னால் இரண்டையும் அடுக்கி வைத்து, சாய்த்துவிட்டு, தண்ணீரில் இறங்கி நின்று படகைத் தள்ளிவிட்டான்.

"நீயும் வாயேன் மச்சான்" என்றான் கிதியோனே.

அபிசாய் தலையை ஆட்டினான். வருகிறேன் என்றா, வரவில்லை என்றா, மழையில் தெரியவில்லை. படகு வளைவில் திரும்பும் வரை இடுப்பளவுத் தண்ணீரில் அங்கேயேதான் நின்றான்.

*

ஆற்றில் அலை இருந்தது. சித்தப்பா மகன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, கிதியோனே முன்பக்கம் உட்கார்ந்து, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழி பார்த்தான். வதிசேவா பல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். வெள்ளைத் துணி இன்னும் மணிக்கட்டில்தான் இருந்தது. அதைக் கழற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஜெபிக்கலாம் என்று வாயெடுத்தால் இசிகேலி சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்தான் வந்தன. அதையே சொன்னாள்.

"எப்பலேருந்துடி உனக்கு இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

செனிமிலி மூச்சை இரண்டு துண்டாக இழுத்தாள். "எப்பவுமே இருந்துச்சும்மா."

"அன்னைக்கு ஓடினியே. மரத்தைத் தொட்டுட்டு ஓடி வந்தியே."

"மரம் வரைக்கும் போறதுக்குள்ளயே கண்ணு இருட்டிருச்சு. அங்கேயே உக்காந்துரலாம்னு நினைச்சேன். திரும்பிப் பாத்தா நீ சிரிச்சுக்கிட்டு இருந்த. அண்ணன் போனதுக்கப்புறம் நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதான் திரும்பியும் ஓடி வந்தேன்."

மழையோடு மழையாக வதிசேவாவின் முகம் நனைந்துகொண்டிருந்தது. தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை மட்டும் மழையில் மறைக்க முடியவில்லை.

முன்பக்கமிருந்து கிதியோனே, ஆற்றைப் பார்த்தபடியே பேசினான். "செனி, உங்கம்மாகிட்ட சொல்லு. படகுல ஏற்கெனவே தண்ணி நிறைய ஏறிக்கிடக்கு. இன்னும் ஏத்த வேண்டாம்னு சொல்லு."

"அம்மா, மாமா சொல்றாரு..."

"கேட்டுச்சு" என்றாள் வதிசேவா.

காலடியில் சிரட்டை மிதந்துகொண்டிருந்தது. அதை எடுத்து, படகில் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள்.